திரும்பிப் பார்ப்பதை எண்ணியவள்

விக்னேஸ்வரிக்கு ஐஸ் மேல் நிற்கத் தெரியாது. பக்கப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலு அடி போவாள், அதற்குள் முழங்கால் மடங்கிவிடும். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான உயரம், ஐம்பத்தோரு வயது. ஆனால் ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளை ஐஸ் ஹாக்கியில் தேறும், எது தேறாது என்று கேட்க வேண்டுமானால் இன்றைக்கு ஆட்கள் அவளைத் தேடித்தான் வருகிறார்கள்.

கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான மறுவருஷம் கணவர் திருமாறனோடு நியூசிலாந்துக்கு வந்து, இத்தனை வருஷமாக ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. லின்ஃபீல்டில் வீடு. ஒரே மகள் பிரணவி. பத்து வயதில் பிரணவி, பள்ளித் தோழியின் பிறந்தநாளுக்காக ஐஸ் அரங்குக்குப் போய்விட்டு வந்து, ஹாக்கி ஆடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஐஸைக் கிளாஸ்ல போட்டுக் குடிக்கிற ஊர்ல பொறந்தவங்க நாம. அதுமேல ஓடுறதுக்கா?" என்று திருமாறன் கேட்டுப் பார்த்தார். கேட்டு என்ன பிரயோசனம்? சனிக்கிழமை தவறாமல் காலை ஆறு மணிக்குக் கையுறையும் கம்பளித் தொப்பியுமாக அம்மாவும் மகளும் அரங்கில் இருந்தார்கள்.

இரண்டு வருஷம் ஆடினாள் பிரணவி. பிறகு நாடகத்தில் ஆசை வந்து ஹாக்கியை விட்டுவிட்டாள். அதற்குள் அம்மா வசமாக மாட்டியிருந்தாள். கோல் அடித்தவர் யார், எடுத்துக் கொடுத்தவர் யார் என்று மேசையில் உட்கார்ந்து குறிக்க அந்தக் கிளப்பில் வேறு ஆள் இல்லை. ஆறு மணிக் குளிரில் அந்த நாற்காலியில் உட்காரச் சம்மதித்த ஒரே பெற்றோர் விக்னேஸ்வரிதான். "பிள்ளை தப்பிச்சிருச்சு, தாய் ஆயுள் கைதி" என்பார் திருமாறன்.

அந்த ஊர் இளையோர் லீக்கில் நாலு அணிகள். வயது பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை. ஏப்ரல்தோறும் ஒவ்வோர் அணியும் ஆறு பேரைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும். அப்படி விடப்பட்டவர்களும் புதிதாக வருகிறவர்களும் ஒரே பட்டியலில் சேருவார்கள். நாலு அணியும் முறை போட்டு ஒவ்வொரு பேராகச் சொல்லி எடுத்துக்கொள்ளும். டிராஃப்ட் என்பார்கள். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. பட்டியலில் பேருக்குப் பக்கத்திலேயே உயரமும் எடையும் இருக்கும். பல அணிகள் அதைத் தாண்டி வாசித்ததே இல்லை.

விக்னேஸ்வரி இருந்த அணியின் பெயர் ஹெரான்ஸ். சட்டையில் ஒற்றைக்கால் நாரை. பயிற்சியாளர் பிரெண்ட் கனடாக்காரர். ஹென்டர்சனில் வீடு கட்டும் தொழில், கதவு நிலை இடிக்கும் உயரம், நல்ல மனிதர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "ஸ்கேட் பண்ணச் சொல்லிக் குடுக்கலாம், ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக் குடுக்கலாம். உயரமாகச் சொல்லிக் குடுக்க முடியாது விக்" என்று ஆங்கிலத்தில் அடிக்கடி சொல்வார்.

2022-ஆம் வருஷ டிராஃப்டில்தான் விக்னேஸ்வரி முதன்முதலாக வாய் திறந்தாள். நோவா என்று ஒரு சின்னப் பையன். அவள் குறித்து வைத்த கணக்கில் அவனை விட அதிகம் கோல் போட்டவன் யாருமில்லை. கை அவ்வளவு பதம். வட்டு, அதாவது பந்துக்குப் பதிலாக இந்த ஆட்டத்தில் ஓடும் கறுப்பு ரப்பர் வில்லை, அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டதுபோல் வரும். "இவனை எடுங்க" என்று காகிதத்தை நீட்டினாள். பிரெண்ட் தயங்கி, பிறகு எடுத்தார்.

மூன்றாவது ஆட்டத்திலேயே அது நடந்தது. நோவா பலகையோரமாக வட்டைக் கொண்டு போனான். எதிரணிப் பையன் விதிப்படிதான் இடித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோவா அவன் வருவதைப் பார்க்கவேயில்லை. பலகையில் மோதி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் அம்மா கையும் காலும் ஓடாமல் நின்றபோது விக்னேஸ்வரிதான் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. கூட வேலை செய்கிறவள் எடுத்த படம் திரையில் வந்தவுடனேயே, டாக்டர் சொல்லும் முன், அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தடியில் தோளோடு சேரும் காறை எலும்பு இரண்டாகப் போயிருந்தது.

எலும்பு கூடிவிட்டது. நோவா ஹாக்கிக்குத் திரும்பி வரவில்லை.

"நீ இடிக்கலையே விக்கி," என்றார் திருமாறன்.

"பேரைச் சொன்னது நான்தானே."

அந்தக் குளிர்காலத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். பெற்றோர்கள் கைபேசியில் பிடித்திருந்த நோவாவின் ஆட்டங்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளுடைய தொழிலே அதுதான். தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது வாரம் கண்டுபிடித்தாள். நோவாவின் கை பதமானதுதான், கால் வேகமானதுதான், ஆனால் வட்டு வரும்போதும் போகும்போதும் அவன் கண் வட்டை விட்டு நகரவில்லை. தலை குனிந்தபடியே ஆடியிருக்கிறான். கோல் கணக்கில் அது தெரியாது. அவள் எண்ணியது சரி, எண்ண வேண்டியதை எண்ணவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவள் நோட்டில் புதிதாக ஒரு பத்தி முளைத்தது. ஒரு பிள்ளையிடம் வட்டு வந்து சேருவதற்கு முன்னால் அது தலையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்ததா? பார்த்தால் ஒரு கோடு. பத்துத் தடவை வட்டு வந்தால் எத்தனை தடவை பார்த்தது? அவ்வளவுதான் கணக்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நாலு வந்தது.

எலியட் என்ற பையனுக்கு எட்டு வந்தது.

பதின்மூன்று வயது. நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். அண்ணனுடைய பழைய கவசத்தில் பாதி மறைந்து, ஹெல்மெட்டுக்குக் கால் முளைத்ததுபோல் வருவான். ஹென்டர்சனில் அவன் அப்பா டயர் கடையில் வேலை செய்தார். அடுத்த வருஷ டிராஃப்டுக்கு முன் நடந்த, புதியவர்களுக்கான பயிற்சி ஆட்டத்தில்தான் அவள் அவனை முதலில் பார்த்தாள். தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று அடுத்த வாரமும் எண்ணினாள். மறுபடி எட்டு. அதைவிட ஆச்சரியம், பெரிய பையன்கள் அவனை இடிக்க வந்தால் வெறும் பலகையைத்தான் இடித்தார்கள். இவன் அதற்குள் வேறெங்கோ இருப்பான்.

அதே பட்டியலில்தான் ஆதவனும் இருந்தான்.

ஆதவன் தெரிந்த வீட்டுப் பிள்ளை. அப்பா அரவிந்த் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. அம்மா ராகவி பல் மருத்துவமனையில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் சமைக்கும். பதினாலு வயதில் ஆதவன் ஆறடி ஒரு அங்குலம் இருந்தான். மீசை அரும்பியிருந்தது. தோளைக் கொடுத்தால் எதிரே இருப்பவன் சரிந்துவிடுவான். நாலு அணியும் அவன் மேல் கண் வைத்திருந்தன. ஹெரான்ஸ் போன வருஷம் கடைசி, ஆகவே முதல் முறை ஹெரான்ஸுக்கு.

டிராஃப்டுக்கு இரண்டு நாள் முன்பு, விக்னேஸ்வரி வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது அரவிந்த் வந்தார்.

"அக்கா, மொத சான்ஸ் உங்க டீமுக்குத்தானே?"

"ஆமா."

"எல்லாரும் ஆதவனைத்தான் சொல்றாங்க. நீங்க எடுத்தீங்கன்னா எங்களுக்கு நிம்மதி. நம்ம ஆளு கண்ணு முன்னாடி இருப்பான்."

விக்னேஸ்வரி தண்ணீர்க் குழாயை மூடினாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. "அரவிந்த், இப்பவே சொல்லிடுறேன். பிரெண்ட் அவனை எடுக்கலாம். ஆனா நான் அவன் பேரைச் சொல்ல மாட்டேன்."

அரவிந்த் சிரித்தார், விளையாட்டென்று நினைத்து. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏன்க்கா?"

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து காட்டினாள். பத்துக்கு இரண்டு. "இவனுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே வரலை தம்பி. இடிச்சா மத்தவன்தான் விழறான். இன்னும் ரெண்டு வருஷத்துல அவனுங்களும் வளர்ந்துடுவானுங்க லா. அப்ப இவன் என்னா செய்வான்?"

"இவனும் வளருவான்ல? கை எக்ஸ்ரே எடுத்தா எலும்போட வயசு தெரியும்னு நீங்களே ஒரு தடவை சொன்னீங்க. உங்க ஆஸ்பத்திரியிலேயே ஒண்ணு எடுத்துப் பாருங்களேன். இன்னும் எவ்வளவு வளருவான்னு காட்டிடலாம்."

"டாக்டர் எழுதிக் குடுக்காம, பிள்ளைக்கு ஒரு நோய் நொடி இல்லாம, ஒரு ஆட்டத்துக்காக நான் எக்ஸ்ரே எடுக்க மாட்டேன். என் பிள்ளைக்கும் எடுக்க மாட்டேன்."

அரவிந்த் தெருப் பக்கம் திரும்பினார். "நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணா, வெள்ளக்காரன் எப்படி எடுப்பான்?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தத் தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் அடுப்பு தனித்தனியாகத்தான் எரிந்தது.

டிராஃப்ட் நாள் காலையில் பிரெண்டின் வேனில் உட்கார்ந்து இருவரும் வாதாடினார்கள். பின்னால் மரச்சட்டங்களும் பெயின்ட் வாளிகளும். பிரெண்ட் ஆதவன் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

"எலியட் நல்ல பையன்தான். நோவாவும் நல்ல பையன்தான்," என்றார்.

அந்தப் பெயரை அவர் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகவே இரண்டு படங்களைக் கைபேசியில் தயாராக வைத்திருந்தாள். முதலில் நோவா. குனிந்த தலை, குனிந்த தலை, மறுபடி குனிந்த தலை. பிறகு எலியட். வட்டு வருகிறது, அதற்கு முன் ஹெல்மெட் இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் திரும்புகிறது. வட்டு வந்ததும் அவன் எங்கே தர வேண்டும் என்று முன்பே முடிவு செய்தாயிற்று.

பிரெண்ட் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். "இவன் வளருவானா?"

"தெரியாது."

"எலும்பு பார்க்கிறவள் நீ. ஒரு ஊகமாவது இருக்கும்."

"வளரவே மாட்டான்னு வச்சுக்குங்க. இதே நூத்து நாப்பத்தொன்பதுதான்னு வச்சுக்குங்க. அப்பவும் இவனைத்தான் எடுக்கணும்னு சொல்றேன். வளருவான்னு நம்பி எடுக்கறதா இருந்தா எடுக்காதீங்க. அது அவனுக்குச் செய்யற அநியாயம்."

பிரெண்ட் தாடையைத் தேய்த்தார். "பேரை நீயே எழுந்து சொல்லு. எனக்கு வாய் வராது."

அரங்கின் மாடியில் காப்பிக் கடை. நாலு மேசைகளைச் சுற்றி நாலு அணிகள். ஹெரான்ஸ் முறை என்றதும் விக்னேஸ்வரி எழுந்தாள். எழுந்தும் உட்கார்ந்திருந்தவர்கள் தலையை விட அதிகம் உயரவில்லை. "எலியட்" என்று சொல்லிப் பட்டியல் எண்ணையும் சொன்னாள். பக்கத்து மேசையில் யாரோ காகிதத்தைப் புரட்டித் தேடினார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். அடுத்த அணி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஆதவன் பெயரைச் சொன்னது. அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

அந்த வருஷம் அவளுக்குச் சுலபமாகப் போகவில்லை. முதல் நாலு ஆட்டத்தில் எலியட் ஒரு கோலும் போடவில்லை. ஆதவனோ ஒரே ஆட்டத்தில் மூன்று போட்டான். ஒவ்வொரு முறை எலியட் பலகையோரம் போகும்போதும் அவள் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். காறை எலும்பின் படம் கண் முன்னால் வந்துவிட்டுப் போகும்.

ஐந்தாவது ஆட்டத்தில் பிரெண்ட் எலியட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார். நடுவில் இருப்பவனுக்குத்தான் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டிய வேலை. அன்று எலியட் கோல் போடவில்லைதான். ஆனால் ஹெரான்ஸ் போட்ட ஐந்தில் நாலு அவன் எடுத்துக் கொடுத்தது. ஒன்றில், அவன் பின்னாலிருந்த ஆளுக்கு வட்டைத் திரும்பாமலேயே முதுகுப்பக்கம் தள்ளிவிட்டான், அங்கே ஆள் இருப்பது தெரியும் என்பதுபோல். தெரியும்தான். இரண்டு நொடிக்கு முன் பார்த்து வைத்திருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் பிரெண்ட் மேசைக்கு வந்து, அவள் நோட்டைத் திருப்பி, பத்திகளை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். "இனிமே எல்லாருக்கும் இதை எண்ணு," என்றார். ஹெரான்ஸ் அந்த வருஷம் மூன்றாவதாக வந்தது. அடுத்த வருஷம் கோப்பையை வென்றது.

அந்த இரண்டாவது வருஷத்தில், விக்னேஸ்வரி அரவிந்திடம் சொன்னது ஆதவனுக்கு நடக்கத் தொடங்கியிருந்தது. மற்றப் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள். இடித்தால் இப்போது திருப்பி இடித்தார்கள். போன வருஷம் பதினாலு கோல் போட்டவன் இந்த வருஷம் ஐந்து. தன் ஊகம் பலித்ததில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. பெரிய உடம்பைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றுதான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து அவள் நோட்டை மூடும்போது, ஆதவன் கவசத்தோடு வந்து மேசை முன் நின்றான். பேசியது ஆங்கிலத்தில்.

"ஆன்ட்டி, உங்ககிட்ட எனக்கு ஒரு நம்பர் இருக்குன்னு அப்பா சொன்னார்."

"இருக்கு. உன்னோடதை நீ பார்க்கலாம்." திருப்பிக் காட்டினாள். அன்றைக்கும் பத்துக்கு இரண்டுதான்.

வெகுநேரம் பார்த்தான். "எட்டு எப்படி வர வைக்கிறது?"

"எனக்கு ஆடத் தெரியாதுப்பா. எண்ணத்தான் தெரியும். எலியட்டைக் கேளு."

கேட்பான் என்று அவள் நினைக்கவில்லை. எதிரணி, தன்னை விட ஓரடி உயரம் குறைந்தவன், தன் பேருக்கு முன்னால் சொல்லப்பட்டவன். ஆனால் ஆதவன் கேட்டான். ஞாயிறு காலைகளில் ஹென்டர்சனில், எலியட்டின் அப்பா வேலை செய்யும் டயர் கடை பூட்டியிருக்கும் நேரம், அதன் பின்னாலிருந்த சிமென்ட் தளத்தில் இருவரும் ஆடத் தொடங்கினார்கள். ஒருவன் டென்னிஸ் பந்தைத் தட்டிவிடுவான். எலியட்டின் அண்ணன் பின்னால் நின்று விரல்களை நீட்டுவான். பந்து மட்டைக்கு வந்து சேருமுன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் ஆதவன் ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை.

இதெல்லாம் விக்னேஸ்வரிக்கு ராகவி மூலம்தான் தெரிந்தது. ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

"அக்கா, கோவம் அவருக்கு. எனக்கு இல்ல. சொல்லணும்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா நான்தான் ஹென்டர்சன் கூட்டிட்டுப் போறேன். வண்டியில உக்காந்துட்டே பாப்பேன். அந்தச் சின்னப் பையன் என்ன மிரட்டு மிரட்டுறான் தெரியுமா இவனை? இவனும் சரி சரின்னு கேக்குறான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாத மாதிரி இருக்காரு. பெட்ரோல் போட்டு வச்சிடுறாரு."

2025 ஏப்ரலில் ஆதவனை அவன் அணி விட்டுவிட்டது. பட்டியலில் மறுபடி அவன் பேர். ஆறடி இரண்டு அங்குலம், ஆனால் இப்போது அவனைச் சுற்றிலும் ஆறடிப் பையன்கள். முதல் சுற்றில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் ஹெரான்ஸ் முறை வந்ததும் விக்னேஸ்வரி எழுந்து ஆதவன் பெயரைச் சொன்னாள்.

உட்கார்ந்ததும் பிரெண்ட் காதோரம் குனிந்தார். "கடைசியில் நீயும் உயரத்துக்கு வந்துட்டியா?"

"போன மாசம் ஆறு வந்துச்சு அவனுக்கு. உயரம் வேண்டாம்னு நான் எப்பங்க சொன்னேன்? அது மட்டும் போதாதுன்னுதான் சொன்னேன். ரெண்டும் இருக்கறவன் மூணாவது சுத்து வரைக்கும் கெடக்கறான், எடுக்காம விடுவேனா?"

அந்தப் பருவத்தில் எலியட்டும் ஆதவனும் ஒரே வரிசையில் ஆடினார்கள். எலியட் அதற்குள் வளர்ந்திருந்தான், ஆனால் நூற்று அறுபத்து மூன்றோடு நின்றுவிட்டான். ஆதவன் கோலுக்கு முன்னால் போய் நின்றால் யாரும் நகர்த்த முடியாது. எங்கே நிற்கிறான் என்று எலியட்டுக்கு எப்போதும் தெரியும். இறுதி ஆட்டத்தில் ஹெரான்ஸ் ஒரு கோலில் தோற்றது. தோற்றாலும் அந்த ஆட்டத்தில் ஹெரான்ஸ் போட்ட இரண்டு கோலையும் இவர்கள் இருவரும்தான் போட்டார்கள்.

அன்றைக்கு அரவிந்த் வந்திருந்தார். திருமாறன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் படியிறங்கி மேசைக்கு வந்து, பென்சில்களை அடுக்கி வைத்தார்.

"அக்கா, நீங்க தப்பாச் சொல்லிட்டீங்கன்னு எனக்கு அன்னைக்குக் கோவம் வரல. நீங்க சொன்னது எனக்கும் தெரியும். இவன் ஆடுறதை நானும் பாத்திருக்கேன்ல. அதை வேற ஒருத்தர் வாயால கேக்குறதுக்குத்தான் முடியல."

"விடுங்க தம்பி. நானும் கார் கழுவிக்கிட்டே சொல்லியிருக்கக் கூடாது. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லியிருக்கணும்."

"டீ குடுத்துச் சொல்லியிருந்தாலும் கோவம்தான் வந்திருக்கும்," என்றார் அரவிந்த்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஆக்லாந்து முழுவதற்குமான இளையோர் அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பிரெண்ட்தான் எழுதிப் போட்டிருந்தார், அவளிடம் சொல்லாமலேயே. ஐந்து பேர் குழு. மற்ற நாலு பேரும் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்கள். அவளுக்கு ஒரு கறுப்பு ஜாக்கெட் கொடுத்தார்கள், முதுகில் 'செலக்டர்' என்று வெள்ளை எழுத்து. இருந்ததிலேயே சின்ன அளவு. அப்படியும் கையை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது.

முதல் கூட்டத்தில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். தேர்வாளர்களுக்குத் தரும் தாளில் உயரமும் எடையும் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். ஆட்டத்தைப் பார்த்து ஆளுக்கொரு பட்டியல் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பலாம். குழுத் தலைவர் மீசைக்குள் சிரித்தார். "திருப்பிப் பார்த்து மனசு மாறினா?"

"மாறட்டும். மாறக் கூடாதுன்னு சொல்லலை. எதைப் பார்த்து மாறுச்சுன்னு நமக்கே தெரியணும், அவ்வளவுதான்."

ஒத்துக்கொண்டார்கள். இரண்டு சனிக்கிழமைகள் எழுபது பிள்ளைகளைப் பார்த்தார்கள். அவள் எண்ணினாள். இருபத்திரண்டு பேர் தேர்வானார்கள். எலியட் பேர் ஐந்து பட்டியலிலும் இருந்தது. ஆதவனுக்கு மூன்று பட்டியல், நாலு இருந்தால்தான் இடம். விக்னேஸ்வரியின் பட்டியலில் அவன் இருந்தான். ஆனாலும் தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று முதலிலேயே குழுவிடம் சொல்லி வைத்திருந்ததால், அவனுக்காக வாதாடாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் கடினமானது.

பட்டியல் ஒட்டியதும் ஆதவன் மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தான். எலியட்டின் ஹெல்மெட்டை ஒரு தட்டுத் தட்டினான். பிறகு அவளிடம் வந்தான்.

"இன்னைக்கு எனக்கு எத்தனை ஆன்ட்டி?"

"ஏழு."

"ஏழா?" என்று கேட்டு, முகம் மலர்ந்து, அம்மாவிடம் சொல்ல ஓடினான். தேர்வானவர்களை விட அவன்தான் சந்தோஷமாகப் போவதாக அவளுக்குப் பட்டது. வரும் பருவத்துக்கு அவனைத்தான் ஹெரான்ஸ் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள். அந்த முடிவில் அவளுக்குப் பங்கில்லை. பையன்களே ஓட்டுப் போட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சான்ட்ரிங்ஹாமில் சதாசிவம் கடைக்குச் சாமான் வாங்கப் போனார்கள். சதாசிவம் யாழ்ப்பாணத்துக்காரர். விக்னேஸ்வரி உள்ளே பருப்பு அலமாரிக்குப் பின்னால் போய்க் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னால் திருமாறன் குரல் கேட்டது.

"நம்ம வீட்டம்மா இப்போ செலக்டர் தெரியுமா? ஐஸ் ஹாக்கிக்கு. ஆக்லாந்து டீமுக்கு."

"ஐஸிலை விளையாடுற ஹொக்கியோ? உங்கட மனிசியோ?" சதாசிவம் தராசை விட்டுவிட்டுக் கேட்டார். "அவ விளையாடுறவவோ?"

"விளையாடவா? நிக்கக்கூடத் தெரியாது. ஆனா பார்க்கத் தெரியும். அஞ்சு பேரு கமிட்டி, மத்த நாலு பேரும் மலை மாதிரி ஆளுங்க. இவ சொன்னா கேக்குறாங்க. எல்லாரும் உயரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரத்துல, இவ ஒருத்திதான்..." திருமாறன் வட்டு, தோள், திரும்பிப் பார்ப்பது எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினார். பாதி தப்பு. பத்துக்கு எட்டு என்பதை நூற்றுக்கு எண்பத்தெட்டு ஆக்கினார். காசு கொடுக்க நின்ற ஒரு பெண்மணியும் கேட்க ஆரம்பித்தாள்.

"ஓம், ஓம், பிறகு?" என்றார் சதாசிவம்.

விக்னேஸ்வரிக்குக் கறிவேப்பிலை போதுமான அளவு சேர்ந்துவிட்டது. போய்த் திருத்தியிருக்கலாம். ஆனால் அவள் துவரம்பருப்புப் பாக்கெட் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்து எழுத்துகளை நிதானமாகப் படித்தபடி, அவர் சொல்லி முடிக்கும் வரை அலமாரிக்குப் பின்னாலேயே நின்றாள்.